சிறு சொல்லும் சுடும்

பிள்ளைக்குக் கம்பஸ் கிடைத்துவிட்டால் கஷ்டம் தீர்ந்தது என்று தாய்மார் நினைப்பதுண்டு. ஆனால் அங்கும் பிள்ளையைச் சோர வைக்கும் ஒன்று உள்ளது. அது பகிடிவதை அல்ல. போகிற போக்கில் விழும் சிறு சொற்கள்.

நாரந்தனையிலிருந்து நான் சமூகவியல் படிக்கச் சென்றபோது, "நீர் தீவுப் பக்கமோ? கதையில தெரியேல்லையே!" என்றார் சக மாணவி ஒருவர். பாராட்டாகத்தான் சொன்னார். ஆனால் தீவார் என்றால் ஒரு படி கீழ் என்ற எண்ணம் அதற்குள் இருந்தது. 1990, 91ஆம் ஆண்டுகளில் இடம்பெயர்ந்து யாழ்ப்பாணப் பக்கம் போன எமது பெண்களுக்கு இது புதிதல்ல. வன்னிப் பிள்ளைகளுக்கு, "உங்களுக்கென்ன, கோட்டா" என்ற சொல். தெற்கில் படிக்கும் எமது பிள்ளைகளிடம், "கொட்டியா?" என்று சிரித்தபடியே கேட்பவர்கள் உண்டு. கேட்டவர் மறந்துவிடுவார். கேட்கப்பட்டவள் வகுப்பில் வாய் திறக்கமாட்டாள்.

அமெரிக்காவின் கறுப்பின மனநல மருத்துவர் செஸ்டர் பியர்ஸ் 1970இல் இதற்கு 'மைக்ரோ அக்ரெஷன்' என்று பெயரிட்டார். நுண் வன்மம் எனலாம். ஒரு சொல் சிறிதுதான். நாளாந்தம் விழும்போது அதுவே பாரமாகிறது.

கணவரைப் போரில் இழந்து, தையல் தைத்து மகளைப் படிப்பித்த தாய் ஒருவர் என்னிடம் வந்தார். "இனிப் போகமாட்டன் எண்டு நிக்கிறாள். உதுக்கெல்லாம் படிப்பை விடுறதோ, பொறுத்துப் போ எண்டு சொன்னன்" என்றார். அதன்பின் மகள் தாயுடனும் கதைப்பதில்லை. நான் அந்தப் பிள்ளையுடன் இருந்து கேட்டேன். அவள் எதிர்பார்த்தது, "அவை சொன்னது பிழைதான்" என்ற ஒரு சொல்லை மட்டுமே. தாய் அதைச் சொன்னார். மாணவர் ஆலோசகரைச் சந்திக்கவும் ஒழுங்கு செய்தோம். பிள்ளை திரும்பிப் போனாள். அந்தப் பேச்சுகள் நின்றுவிடவில்லை. ஆனால் இப்போது ஒவ்வொரு கிழமையும் தாய்க்குச் சொல்கிறாள்.

சகோதரிகளே, கோட்டா பிச்சையல்ல. பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பங்கு மாவட்ட அடிப்படையிலேயே வழங்கப்படுகிறது. ஆசிரியரும் ஆய்வுகூடமும் போதாத இடத்தில் படித்தவருக்கு அது உரிமை. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். எல்லை மீறினால், 1998ஆம் ஆண்டின் பகிடிவதைத் தடைச் சட்டமும் உண்டு.

இன்னொன்று. புதிதாக ஒருவர் வந்தால் நாமும், "ஊரில எந்தப் பக்கம்?" என்று கேட்கிறோம். சாதி அறியும் கேள்வி அது. அதைக் கேட்டு வளரும் பிள்ளை நாளை கம்பஸில் வேறொரு பிள்ளையிடம் கேட்கும். எங்கள் முற்றத்திலேயே அந்தக் கேள்வியை நிறுத்துவோம்.