பெங்களூருக்குப் போகிற வழியில் கொஞ்சம் இறங்குங்களேன்!

சேலத்திலிருந்தோ வேலூரிலிருந்தோ பெங்களூருக்குக் காரில் போகிற சகோதரிகளே, கிருஷ்ணகிரியை நீங்கள் எப்படிப் பார்த்திருக்கிறீர்கள்? சுங்கச்சாவடியில் வண்டி ஒரு நிமிஷம் நிற்கும். மொட்டைப் பாறையாய் ஒரு மலை தெரியும். "அதோ கோட்டை" என்று யாராவது கையை நீட்டிச் சொல்வதற்குள் வண்டி அதைத் தாண்டியிருக்கும். அப்புறம் சூளகிரி, ஓசூர், அத்தோடு தமிழ்நாடு முடிந்துவிடும். கல்யாணம், காதுகுத்து என்று இருபது வருஷமாக நானும் இப்படித்தான் போய் வந்தேன்.

இந்தத் தை மாதம் ஒரு சனி, ஞாயிறு இரண்டு நாளையும் இந்த வட்டாரத்துக்கென்றே ஒதுக்கினோம். வழிகாட்டி வைத்துக்கொள்ளவில்லை, சுற்றுலா பஸ்ஸிலும் போகவில்லை. எங்கள் பழைய கார், என்னவர் ஓட்ட, நான், மாமியார், மூத்தவள், சின்னவன் என்று ஐந்து பேர். போக வர ஏறக்குறைய 400 கிலோமீட்டர்.

ஊர் பார்க்கிற ஆசையோடு வேறொரு காரியமும் இருந்தது. டிப்ளமா முடித்த மூத்தவளுக்கு ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. பத்து நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். "கண்காணாத ஊர்லே வயசுப் பொண்ணை விட்டுட்டு நிம்மதியாத் தூங்க முடியுமா?" என்று அத்தை ஒரே பிடியாக நின்றார். "கண்ணாலேயே பார்த்துட்டு வந்துடலாம் அத்தை" என்று நான்தான் அவரையும் வண்டியில் ஏற்றினேன்.

நிப்பட்டும் அணைக்கட்டும்

விடியற்காலை ஐந்தரைக்குச் சேலத்தை விட்டுப் புறப்பட்டோம். தொப்பூர் கணவாயை மெள்ளக் கடந்து, தருமபுரி தாண்டிக் காவேரிப்பட்டணத்தில் முதல் நிறுத்தம். இந்த ஊர் நிப்பட்டு பேர் போனது. அரிசி மாவில் வேர்க்கடலை, பொட்டுக்கடலை, கறிவேப்பிலை சேர்த்துத் தட்டிப் பொரிக்கிற நம்ம தட்டைதான்; ஆனால் கனமும் காரமும் கொஞ்சம் கூட. ஒரு பொட்டலம் வாங்கினால் காரிலேயே தீர்ந்துவிடும், இரண்டாக வாங்குங்கள்.

அங்கிருந்து கிருஷ்ணகிரி அணை. காமராஜர் முதலமைச்சராக இருந்த 1950-களில் தென்பெண்ணையின் குறுக்கே கட்டி முடித்தது. நீர்மட்டம் 52 அடி. பூங்காவில் பிள்ளைகள் ஓடியாட இடம் இருக்கிறது. வெளியே கடைகளில் மீன் வறுக்கிற வாசனை மூக்கைத் துளைக்கிறது.

தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஓசூர் அருகே நம் மாநிலத்துக்குள் வருகிறது. ஓசூரை ஒட்டிய கெலவரப்பள்ளி அணையில் இந்த ஆறு நுரை பொங்கி நிற்கிற படத்தைச் செய்தித்தாள்களில் பார்த்திருப்பீர்கள். பெங்களூர்ப் பக்கத்துக் கழிவு நீர் கலப்பதால் வருகிற கேடு அது. அந்த ஆற்றை நம்பித்தான் இந்த ஜில்லாவில் நெல்லும் தென்னையும் இருக்கின்றன. நாம் துவைத்து ஊற்றுகிற சோப்புத் தண்ணீரும் எங்கோ ஓர் ஆற்றில் போய்த்தானே சேர்கிறது என்று அன்று எனக்குப் பட்டது.

பன்னிரண்டு கோட்டைச் சீமை

கிருஷ்ணகிரி முன்பு தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. 2004 பிப்ரவரியில் தனி மாவட்டமானது. இந்தச் சீமைக்குப் பழைய பெயர் பாராமகால். பன்னிரண்டு கோட்டைகளை வைத்து வந்த பெயர் என்பார்கள். விஜயநகர அரசர் காலத்துக் கோட்டைகள் பின்னால் ஹைதர் அலி, திப்பு சுல்தான் கைக்கு வந்தன. கிருஷ்ணகிரிக் கோட்டையை 1791-ல் ஆங்கிலேயப் படை தாக்கிப் பார்த்துப் பிடிக்க முடியாமல் திரும்பியது. அடுத்த வருஷம் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகாலையே திப்பு விட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று. உழவரிடம் நேராக வரி வாங்குகிற ரயத்துவாரி முறையை கர்னல் ரீடும் தாமஸ் மன்றோவும் பழகிப் பார்த்ததும் இந்த மண்ணில்தான்.

மலைக்கு சையத் பாஷா மலை என்று பெயர். படிகள் செங்குத்து, வெயில் ஏறுமுன் ஏறிவிட வேண்டும். அத்தையும் நானும் பாதியிலேயே உட்கார்ந்துகொண்டோம். அங்கிருந்தே கீழே பூத்து நிற்கிற மாந்தோப்புகள் மஞ்சள் பூசினாற்போல் தெரிந்தன. ஜூன் மாதம் வந்தால் செந்தூரா, மல்கோவா, பெங்களூரா என்று சாலையோரம் குவியல் குவியலாக இருக்கும்.

ஊருக்குள் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, 1993-ல் தொடங்கியது. வெள்ளிக்கிழமை விடுமுறை. அங்கே நடுகற்களை அவசியம் பாருங்கள். ஆநிரையை மீட்கப் போய் உயிர் விட்ட வீரர்களுக்கு எடுத்தவை. இந்த மாவட்டத்து நடுகற்கள் சிலவற்றில் வீரனுக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணும் கையை உயர்த்தி நிற்பாள். கணவனோடு தீயில் இறங்கியவள் என்பதற்கு அது அடையாளமாம். மூத்தவள் அந்த மாதிரிக் கல் ஒன்றின் முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். "அவளை யாராவது கேட்டிருப்பாங்களாம்மா?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு நெடுஞ்சாலையை விட்டு ராயக்கோட்டை வழியாகப் போங்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்கிற முக்கியமான யோசனை. லாரி கூட்டம் குறைவு. இரண்டு பக்கமும் குன்றுகள், நடுவே கேழ்வரகுக் கொல்லை, தக்காளித் தோட்டம். ராயக்கோட்டைத் தக்காளி மண்டியில் பெட்டி பெட்டியாக ஏற்றுகிறார்கள். விலை ஏறினால் நாம் முணுமுணுக்கிறோம். விழுந்தால் பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாமல் செடியிலேயே விட்டுவிடுவதாக ஒரு விவசாயி அம்மா சொன்னார். ஊருக்கு மேலே நிற்கும் ராயக்கோட்டைக் கோட்டை 1791-ல் ஆங்கிலேயர் பிடித்தது. இப்போது தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிறது. என்னவரும் பிள்ளைகளும் ஏறி வந்தார்கள்.

மத்தியானச் சாப்பாடு அங்கே ஒரு சிறிய மெஸ்ஸில். களியும் பிதுக்குப் பருப்புக் குழம்பும்! தை மாதம் இந்தப் பக்கம் வருகிறவர்கள் இதைச் சாப்பிடாமல் திரும்பக் கூடாது. கடைக்கார அம்மா பக்குவம் சொன்னார். பச்சை மொச்சையை உரித்துத் தண்ணீரில் சில மணி நேரம் ஊறவைத்து, ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தோலை எடுத்துவிட வேண்டும். வெங்காயம், தக்காளி வதக்கி, பருப்பைப் போட்டு, மிளகாய்த் தூள், மல்லித் தூள் சேர்த்து, வெந்ததும் தேங்காயும் கசகசாவும் அரைத்து விட்டு இறக்கணும். பிதுக்கத்தான் பொறுமை வேண்டும். சாயங்காலம் பிள்ளைகளை உட்கார்த்திப் பிதுக்கச் சொல்லுங்கள், வேலையும் ஆகும், பேச்சும் ஆகும்.

ஓசூரில் ஒரு சாயங்காலம்

ஓசூர் என்றால் கன்னடத்தில் புது ஊர் என்று பொருள். 1956-ல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது தமிழகத்தோடு இருந்துவிட்ட ஊர். கடைவீதியில் ஒருத்தர் "ஏமி காவாலம்மா?" என்கிறார், பக்கத்துக் கடையில் "ஏனு பேக்கம்மா?" என்கிறார்கள்; நாம் தமிழில் சொன்னால் இருவருக்கும் புரிகிறது.

1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகுதான் ஊரின் முகம் மாறியது. நம் அப்பாக்கள் ஓட்டிய டிவிஎஸ் 50 மொபெட் 1980-ல் இங்கிருந்துதான் வெளியே வந்தது. அசோக் லேலண்டு, டைட்டன் கைக்கடிகாரம் என்று அடுத்தடுத்து வந்தன. 2019-ல் ஓசூர் மாநகராட்சியாகிவிட்டது. இப்போது கைபேசி உதிரி பாகம், மின்சார ஸ்கூட்டர் என்று மாவட்டத்தில் புதுத் தொழில்கள். அவற்றில் பெரும்பாலும் இளம் பெண்களே வேலை செய்கிறார்கள்.

பெண்கள் விடுதிகள் இருக்கிற தெருவுக்குப் போனோம். ஷிப்ட் முடிகிற நேரம். வரிசையாகக் கம்பெனி பஸ்கள் வந்து நிற்க, சீருடையில் பெண் பிள்ளைகள் இறங்கினார்கள். அத்தை காரைவிட்டு இறங்கி, நேரே ஒரு பெண்ணிடம் போய்ப் பேச்சுக் கொடுத்துவிட்டார். அஞ்செட்டி மலைப் பக்கத்துப் பெண்.

"ராத்திரி வேலையும் உண்டாம்மா?"

"ஒரு வாரம் பகலு, ஒரு வாரம் ராத்திரிங்க பாட்டி. பஸ்ஸு வாசல்லயே வுட்டுரும்."

"சாப்பாடு?"

"கம்பெனில நல்லாப் போடுவாங்க. இங்க ரூம்லதான் ஆறு பேரு, தண்ணி லாரி வரலைன்னா கஷ்டம். நின்னுக்கிட்டே வேலைங்கறதால மொத மாசம் காலு வீங்கும். அப்புறம் பழகிரும்."

மலையில் மேல் வகுப்பு படிக்க வேண்டுமென்றால் வெகு தூரம் போக வேண்டுமாம். கூடப் படித்த இரண்டு பேருக்குப் பத்தாவது முடியுமுன்பே கல்யாணம் பண்ணிவிட்டார்களாம். "எனக்கும் பேசுனாங்க. நாந்தான் அழுது புடிச்சு டிப்ளமா சேந்தேன். இப்ப எந்தம்பி பீஸு நான் கட்டறேன் பாட்டி" என்றாள். அத்தை அவள் கன்னத்தைத் தடவி, காரில் மிச்சமிருந்த நிப்பட்டுப் பொட்டலத்தைக் கையில் திணித்தார்.

சகோதரிகளே, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். மகளை இப்படி அனுப்புகிறவர்கள் விடுதியை நேரில் பாருங்கள். கழிப்பறை, தண்ணீர், வாசலில் காவல், இரவு பஸ் எந்த இடம் வரை வருகிறது, உடம்புக்கு முடியாவிட்டால் யார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவார்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். நின்று வேலை செய்கிற பெண்ணுக்கு வேலை முடிந்ததும் காலைச் சற்று உயர்த்தி வைத்துப் படுக்கச் சொல்லுங்கள். கீரையும் கேழ்வரகும் நிலக்கடலையும் சாப்பாட்டில் இருக்கட்டும்.

ஞாயிறு: கோயில், தொரப்பள்ளி, தளி

காலைப் பனியில் சந்திரசூடேஸ்வரர் மலைக்குப் போனோம். மேலே வரை கார் போகிறது. சுவாமி உடும்பு உருவில் வர, அம்மன் பின்தொடர்ந்து வந்த இடம் என்பது தலபுராணம். அம்மன் பெயர் மரகதாம்பாள். பிரகாரத்தில் நின்றால் ஊர் முழுக்கத் தெரியும். ஒரு பக்கம் கோபுரம், ஒரு பக்கம் தொழிற்சாலைக் கூரைகள்.

அடுத்து, ஓசூருக்குப் பக்கத்திலேயே தொரப்பள்ளி. ராஜாஜி 1878 டிசம்பர் 10-ஆம் தேதி பிறந்த ஊர். சின்ன ஓட்டு வீடு; நினைவில்லமாக வைத்திருக்கிறார்கள். இந்தச் சிறு வீட்டிலிருந்து போனவர்தான் 1948 முதல் 1950 வரை இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தார். 1937-ல் சென்னை மாகாணப் பிரதமரானதும் அவர் முதன்முதலில் மதுவிலக்கைக் கொண்டு வந்தது நம் சேலம் ஜில்லாவில். அப்போது ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் ஜில்லாவில் சேர்ந்தவை. "எங்கம்மா அந்தக் கதையை நிறையச் சொல்லுவா. கூலிக் காசு முழுசா வீட்டுக்கு வந்ததுன்னு" என்றார் அத்தை.

திரும்பி வந்து மத்திகிரி வழியாகத் தேன்கனிக்கோட்டை சாலையைப் பிடித்தோம். மத்திகிரியில் 1824-ல் ஆங்கிலேயர் தொடங்கிய கால்நடைப் பண்ணை இன்னும் இருக்கிறது. அவர்கள் காலத்தில் குதிரை வளர்த்த இடம். தேன்கனிக்கோட்டையில் பெட்டராய சுவாமி கோயில். கன்னடத்தில் பெட்ட என்றால் மலை. மலையரசர் என்று வைத்துக்கொள்ளலாம். அப்புறம் தளி வரை ஏற்ற இறக்கமான சாலை, குளிர்ந்த காற்று, ஏரி, பச்சைக் கொல்லைகள். வெள்ளைக்காரர்கள் இதைக் குட்டி இங்கிலாந்து என்றார்களாம். பசுமைக்குடில்களில் ரோஜாவும் ஜெர்பராவும். தளியில் கொய்மலர் மகத்துவ மையமும் இருக்கிறது. பிப்ரவரி 14-ஆம் தேதிக்கு வெளிநாட்டுக்கு விமானம் ஏறுகிற ரோஜாக்களுக்கு ஜனவரி முழுக்க இங்கே ஓயாத வேலை.

இந்த வட்டாரம் யானைகளின் பாதையும்கூட. கேழ்வரகு விளைகிற ஐப்பசி முதல் தை வரை கர்நாடகக் காடுகளிலிருந்து கூட்டம் கூட்டமாக இந்தக் காடுகளுக்கு வருகின்றன. பயிரும் போகிறது, சில சமயம் மனித உயிரும் போகிறது, யானையும் சாகிறது. 2014-ல் இங்குள்ள காடுகளைக் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் என்று அறிவித்தார்கள். கொல்லை நடுவே பரண் கட்டி ராத்திரி முழுக்கக் கண் விழிக்கிறார்கள். அப்படிக் காத்து எடுத்த கேழ்வரகைத்தான் முந்தின நாள் களியாகச் சாப்பிட்டோம்.

தளி ஏரிக்கரையில் கட்டுச்சாதம் பிரித்தபோது அத்தை பேச்சை ஆரம்பித்தார். "போய்ச் சேர்ந்து பார்க்கட்டும். ஒத்துக்கலேன்னா வீடு எங்கே ஓடிப்போறது? ஆனா ஆறு பேர் ரூம் வேண்டாம், நாலு பேரா இருக்கிற இடமாப் பாருங்க." மூத்தவள் இப்போது வேலையில் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது.

புறப்படுமுன் சில குறிப்புகள்

1. ஐப்பசி முதல் மாசி வரை நல்ல காலம். மாம்பழ ஆசை இருந்தால் ஜூன். தை மாதம் ஓசூரிலும் தளியிலும் காலையில் நல்ல குளிர். கைக்குழந்தைக்குக் காதை மூடக் குல்லாயும் கம்பளிச் சட்டையும் அவசியம்.

2. கோட்டை ஏறக் காலையோ சாயங்காலமோ போங்கள். செருப்பு வழுக்காததாக இருக்கட்டும். மேலே தண்ணீர் கிடைக்காது. முட்டிவலி உள்ளவர்கள் பாதியில் உட்கார்ந்தாலும் நஷ்டமில்லை.

3. காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், பிளாஸ்க்கில் வெந்நீர், எலுமிச்சை, உப்பு சர்க்கரைப் பொடி, பிளாஸ்திரி, வளைவுச் சாலையில் குமட்டுகிறவர்களுக்கு டாக்டர் சொன்ன மாத்திரை ஆகியவற்றை ஒரு பையில் தனியாக வையுங்கள்.

4. தேன்கனிக்கோட்டை, தளி, ஜவளகிரி, அஞ்செட்டிப் பக்கம் இருட்டுமுன் திரும்பிவிடுங்கள். காட்டோரம் வண்டியை நிறுத்திக் கீழே இறங்காதீர்கள். யானை சாலையில் நின்றால் ஹாரன் அடிக்காமல் தூரத்திலேயே நின்று வழி விடுங்கள்.

5. காட்டுச் சாலையில் கைபேசிக்கு சிக்னல் கிடைக்காத இடங்கள் உண்டு. வழியை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

6. திரும்பும்போது சூளகிரியில் நிறுத்திக் கொத்தமல்லிக் கட்டு வாங்குங்கள். வேரோடு ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தால் மறுநாள் துவையலுக்கு ஆச்சு.