நின்று கேட்ட இசைநாடகம்

வியன்னா நகருக்குச் செல்வோரிற் பலர் அங்குள்ள அரச ஒப்பரா மாளிகையை வெளியே நின்று பார்த்துவிட்டு அப்பாற் சென்றுவிடுவர். சில ஆண்டுகளுக்கு முன் ஒஸ்திரியா நாட்டிற்குச் சென்ற யாமும் அவ்வாறே திரும்ப எண்ணினோம். முதல்தர ஆசனமொன்றின் கட்டணம் 200 யூரோவுக்கும் மேல் என்று அறிந்ததும், இஃது எம்மைப் போன்றோர்க்குரிய இடமன்று என முடிவு செய்துவிட்டோம். யாம் தங்கியிருந்த விடுதியிற் பணிபுரிந்த முதியவர் ஒருவரே எம்மைத் தடுத்தார். "இருக்க இடம் தேடாதீர்கள், நிற்க இடம் கேளுங்கள்" என்றார். அவர் சொல்லைக் கேட்டதனால் மறக்கவொண்ணாத ஓர் இரவு எமக்கு வாய்த்தது.

ஒப்பரா என்பது பெரும்பாலும் பாட்டினாலேயே நடத்தப்பெறும் நாடகம். மேடைக்கு முன்னேயுள்ள பள்ளத்தில் வாத்தியக் குழு முழங்க, நடிகர்கள் ஒலிபெருக்கியின் துணையின்றியே பாடுவர். இக்கலைக்குப் பேர்பெற்ற அரங்குகளுள் வியன்னா மாளிகையும் ஒன்று. 1869ஆம் ஆண்டு மே மாதம் 25ஆந் திகதி, மோசாட் இயற்றிய 'டொன் ஜொவானி' என்னும் நாடகத்துடன் அது திறக்கப்பெற்றது.

அதன் பிறப்பிலேயே ஒரு துயரக் கதை உண்டு. கட்டட வேலை தொடங்கிய பின்னர் எதிரேயுள்ள வீதியின் மட்டம் ஏறத்தாழ ஒரு மீற்றர் உயர்த்தப்பட்டது. அதனால் மாளிகை நிலத்துள் அமிழ்ந்தது போலத் தோன்றவே, நகர மக்கள் அதனை 'மூழ்கிய பெட்டி' என எள்ளி நகையாடினர். அதனை வரைந்த சிற்பிகள் இருவருள் வான் டெர் நூல் என்பவர் 1868இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். மற்றவராகிய சிக்கார்ட்ஸ்பேர்க் சில வாரங்களிற் காலமானார். தாம் கட்டிய அரங்கிற் பாட்டொலி எழுந்ததை இருவருமே கேட்டிலர். இன்றோ அந்நகரத்தார் தம் பெருமையாகக் காட்டுவனவற்றுள் அம்மாளிகை முன்னிற்கின்றது.

இவ்வரங்கில் நானூறுக்கும் மேற்பட்டோர் நின்று பார்க்க இடமுண்டு. அதற்கான அனுமதிச்சீட்டு நிகழ்ச்சி நாளிலேயே விற்கப்படும். யாம் சென்ற காலத்தில் விலையும் சில யூரோக்களாகவே இருந்தது. மாலையில் வரிசையிற் காத்திருந்து உள்ளே சென்றோம். மாணவர், முதியோர், வேலை முடித்து நேரே வந்தோர் எனப் பலதிறத்தாரும் எம்முடன் இருந்தனர். கைபிடிச் சட்டத்தில் ஒரு கழுத்துத்துணியைக் கட்டிவிட்டால் அவ்விடம் கட்டியவருக்கே உரியதாக அந்நாளிற் கொள்ளப்பட்டது. வேறெவரும் அங்கு நின்றிலர். இவ்வழக்கத்தை அறியாத யாம் விழித்து நிற்க, அருகில் நின்ற மூதாட்டி ஒருவர் எம் கைக்குட்டையை வாங்கித் தாமே கட்டிவிட்டார். அண்ணாந்து பார்த்தோம். பேரரசர் அமர்ந்த நடுமாடத்தின் நேர்கீழே நாம் நின்றுகொண்டிருந்தோம்!

"இந்த மண்டபம் பழையதன்று, இது இரண்டாம் பிறவி" என்றார் அம்மூதாட்டி. அது மெய்யே. 1945ஆம் ஆண்டு மார்ச் 12ஆந் திகதி விழுந்த குண்டுகளால் மேடையும் மண்டபமும் தீக்கிரையாயின. 120 நாடகங்களுக்கு மேற்பட்ட காட்சிப் பொருள்களும், ஏறக்குறைய 1,50,000 உடைகளும் சாம்பலாயின. முகப்பும் பெரும் படிக்கட்டும் போன்ற சில பகுதிகளே தப்பின. உண்ண உணவும் உறைய வீடுமின்றி மக்கள் அல்லலுற்ற காலம் அது. அந்நாளிலும் அவ்வரங்கை மீண்டும் கட்டவே துணிந்தனர். கட்டி முடிக்கப் பத்தாண்டுகள் சென்றன. அதுவரை கலைஞர்கள் வேறு அரங்குகளில் ஆடியும் பாடியும் வந்தனர். பசித்த நாட்டுக்குப் பாட்டு எதற்கு என்று அன்று எவரேனும் கேட்டிருந்தால் அதனைத் தவறென்று சொல்லலாமா? இவ்வினாவுடனேயே யாம் திரை விலகக் காத்திருந்தோம்.

அன்று நிகழ்ந்தது பீத்தோவன் இயற்றிய 'பிடேலியோ'. அநீதியாகச் சிறையிடப்பட்ட கணவனை மீட்க, மனைவி லியோனோரா ஆணுடை பூண்டு சிறைக்காவலனிடமே பணிக்கு அமர்கின்றாள். நம் சாவித்திரி யமனைப் பின்தொடர்ந்தாள்; இவள் நிலவறைக்குள் இறங்கினாள். முதல் அங்கத்தின் இறுதியிற் கைதிகள் சிறிது நேரம் வெளியே விடப்படுகின்றனர். வெளிச்சத்தைக் கண்டு கூசிய கண்களுடன், காவலர் கேட்டுவிடுவரோ என்று அஞ்சி, அவர்கள் தாழ்ந்த குரலிற் பாடத் தொடங்கினர். எம் முன்னிருந்த சிறு திரையிற் பாட்டின் பொருள் ஓடிக்கொண்டிருந்தது. அதனை நோக்க எமக்கு மனம் வரவில்லை.

1955ஆம் ஆண்டு நவம்பர் 5ஆந் திகதி புதிய மண்டபம் திறக்கப்பெற்றபோது நடிக்கப்பட்டதும் இதே நாடகந்தான். நான்கு வல்லரசுகளின் படைகள் ஒஸ்திரியாவை விட்டு நீங்கியிருந்த வேளை அது. இடைவேளையின்போது மூதாட்டி, தம் தாயார் அன்றிரவு உள்ளே இடங்கிடையாது வீதியில் நின்ற கூட்டத்துள் ஒருவர் எனக் கூறினார். "சிறைக்கதவு திறந்தது மேடையில் மட்டுமன்று என்று அம்மா சொல்லுவார்" என்றார்.

இறுதிக் காட்சிக்கு முன் விளக்குகள் அணைய, வாத்தியக் குழு தனியே கால்மணி நேரம் வாசித்தது. குஸ்தாவ் மாலர் என்னும் இசைமேதை இவ்வரங்கை நடத்திய காலத்தில் ஏற்படுத்திய வழக்கம் இது. நடுவே எங்கோ தொலைவிலிருந்து எக்காளம் ஒலித்தது. கால் வலியை மறந்தோம். எம் வினாவுக்கும் விடை கிடைத்தது. உணவு உயிரைக் காக்கும். எதற்காக உயிர்வாழ்கின்றோம் என்பதை இத்தகைய இடங்களே நினைவூட்டும். 1981இல் யாழ்ப்பாணத்து நூலகம் எரிந்த கதையைக் கேட்டு வளர்ந்த எமக்கு இதனை எவரும் விளக்க வேண்டியதில்லை.

கரவொலி அடங்கியதும் மூதாட்டி தம் துணியை அவிழ்த்துக் கழுத்திற் சுற்றிக்கொண்டு, "நாளையும் வருவீர்களா?" என்று வினவினார். மறுநாட் காலையில் நாம் புறப்பட வேண்டியிருந்தது. எம் கைக்குட்டையை அவிழ்க்கும்போது அந்த முடிச்சு மிக இறுகியிருந்தது.