கோபாலபுரத்து நாலு கம்பிக்காரர்கள்

ஒரு சின்னச் சோதனை. உங்கள் செல்போனில் 'இளைய நிலா' பாட்டைப் போடுங்கள். முதலில் போன் ஸ்பீக்கரிலேயே கேளுங்கள். அப்புறம் ஒரு நல்ல ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேளுங்கள். இரண்டாவது தடவை, பாட்டுக்கு அடியில் யாரோ நிதானமாக நடந்து போவதுபோல ஒரு கனத்த ஒலி கேட்கும். அதுதான் பேஸ் கிதார். 'பயணங்கள் முடிவதில்லை' வந்த 1982-லிருந்து அது அங்கேயேதான் இருக்கிறது. நம் போனுக்குத்தான் அதைத் தெரியவில்லை.

காரணம் எளிது. பேஸ் கிதாரின் தடித்த கம்பியை மீட்டினால் அது நொடிக்குச் சுமார் 41 முறை அதிரும். அவ்வளவு மெதுவான அதிர்வை வெளியே தள்ள, போனுக்குள் இருக்கும் பொத்தான் அளவு ஸ்பீக்கருக்குத் தெம்பு கிடையாது. அதனால்தான் வருஷக்கணக்காகப் பாட்டுக் கேட்டும், இப்படி ஒரு வாத்தியம் இருப்பதே பலருக்குத் தெரியாமல் போகிறது.

இந்தக் 'காதில் விழாத' வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு சிலர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோபாலபுரத்தில் ஒரு மொட்டை மாடியில் கூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் கிளம்பிவிட்டேன்.

பாட்டுக்கு நடுவே ஒரு பேட்டை

கோபாலபுரம் என்றால் நம்மில் பலருக்கு நான்காவது தெருவில் இருக்கும் கலைஞர் வீடு ஞாபகம் வரும். கிரிக்கெட் பிரியர்களுக்கு மைதானம். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுக் கூட்டிவரும் அம்மாக்களுக்கு டி.ஏ.வி. பள்ளி வாசல் நெரிசல். லாயிட்ஸ் ரோட்டுக்கு அவ்வை சண்முகம் சாலை என்று பெயர் மாறி எத்தனையோ காலமாகியும், ஆட்டோக்காரரிடம் 'லாயிட்ஸ் ரோடு' என்றால்தான் மீட்டரைப் பற்றிப் பேச்சே ஆரம்பிக்கும்.

ஆனால் இசைக்கும் இந்தப் பேட்டைக்கும் நெருக்கம் அதிகம். கதீட்ரல் ரோட்டில் கிழக்கே கொஞ்சம் நடந்தால் மியூசிக் அகாடமி. 1962-ல் அதன் அரங்கம் திறந்த அதே ஆண்டில்தான், அதே சாலையில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டலும் திறந்தது. 2008-ல் ஓட்டல் மூடியது. 2010-லிருந்து அந்த இடம் செம்மொழிப் பூங்கா. வடக்கே போனால் அண்ணா சாலையில் மியூஸி மியூசிக்கல். 1842-ல் தொடங்கிய வாத்தியக் கடை. தெற்கே மயிலாப்பூரில்தான் தன்ராஜ் மாஸ்டர் மேற்கத்திய இசை சொல்லிக் கொடுத்தார். 1968-ல் சென்னைக்கு வந்த இளையராஜா அவரிடம்தான் படித்தார். 'அன்னக்கிளி' வருவதற்கு முன்பு அவரும் ஒரு கிதார் கலைஞர்தான்.

இப்படி நாலா பக்கமும் பாட்டு சூழ்ந்த ஊரில் நாலு கம்பிக்காரர்கள் கூடுவதில் ஆச்சரியம் என்ன?

"ரெண்டு கம்பி அறுந்துடுச்சா?"

மூன்று மாடிப் பழைய ஃபிளாட். லிஃப்ட் இல்லை. படியேறும்போதே 'தும்... தும்...' என்று சுவர் பேசுகிறது. மாடியில் ஐந்து பேர். வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர்; எண்பதுகளில் மெல்லிசைக் குழுவோடு கோயில் திருவிழா மேடைகளில் வாசித்தவர். வீணை பழுது பார்க்கும் குடும்பத்தில் பிறந்து, இப்போது கிதாரும் பார்க்கும் ஆசாரி அண்ணன். ஐ.டி. கம்பெனி இளைஞர் ஒருவர். கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண். இவர்களோடு, சினிமா ரெக்கார்டிங்கில் வாசிக்கும் நாற்பது வயதுக்காரர். பெயர் எழுத வேண்டாம் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

"எங்க சொந்தக்காரங்க எல்லாரும் கேக்குற முதல் கேள்வி என்ன தெரியுமா சார்?" என்று ஐ.டி. இளைஞர் ஆரம்பித்தார். "'ஏம்ப்பா, கிதார்ல ரெண்டு கம்பி அறுந்துடுச்சா?'ன்னுதான்."

"அது பரவால்லப்பா," என்றார் பெரியவர். "ஒரு கச்சேரியில எனக்குச் சம்பளம் குடுக்கறப்ப, 'ஆறு கம்பிக்கு நூறு ரூபா, நாலு கம்பிக்கு அறுபத்தஞ்சு'ன்னு கணக்குப் போட்டாரு ஒரு காண்ட்ராக்டர். வகுத்துப் பார்த்தேன், கணக்கு கிட்டத்தட்ட சரிதான்!"

சிரிப்பு அடங்கியதும் அவரே சொன்னார்: "பேஸ் வாசிக்கறவன் கல்யாண வீட்டுச் சமையல்ல உப்பு மாதிரிம்மா. சரியா இருந்தா எவனும் பேசமாட்டான். இல்லேன்னாத்தான் இலையைப் பார்த்து முழிப்பான்."

உண்மைதான். சசிதரன், கீத் பீட்டர்ஸ் போன்றவர்களின் விரல்களைக் கேட்டுத்தான் தமிழ்நாடே வளர்ந்தது. ஆனால் தெருவில் போனால் எத்தனை பேருக்கு அடையாளம் தெரியும்? ஆலாப் ராஜுவை எல்லோருக்கும் தெரியும். அதுகூட 2011-ல் 'கோ' படத்தில் 'என்னமோ ஏதோ' பாடிய பிறகு. அவர் அடிப்படையில் பேஸ் கிதார் கலைஞர்.

தோளில் தூக்கின பெரிய வயலின்

பேஸ் கிதாருக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தது, ஆள் உயரத்துக்கு நின்ற டபுள் பேஸ். அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவது ஒரு பீரோவோடு பயணம் போவது மாதிரி. அதில் மெட்டுகளும் கிடையாது. விரல் ஒரு நூல் தள்ளினால் சுருதி போய்விடும். 1951-ல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் இந்த இரண்டு தொல்லைகளுக்கும் ஒரே மருந்து கண்டுபிடித்தார். தோளில் மாட்டும் அளவுக்கு உடம்பைக் குறைத்தார். கழுத்தில் ஃபிரெட் பதித்தார். 'துல்லியம்' என்று பொருள்படும்படி 'பிரிசிஷன் பேஸ்' என்று பெயரும் வைத்தார். வேடிக்கை என்னவென்றால், அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது.

"அதனாலதான் நல்லா செஞ்சாரு," என்றார் ஆசாரி அண்ணன். "வாசிக்கத் தெரிஞ்சவன் அவன் கைக்கு மட்டும் செய்வான். தெரியாதவன் எல்லார்கிட்டயும் கேட்டுச் செய்வான்."

கனத்த ஒலி நமக்குப் புதிதும் அல்ல. மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியில் கச்சேரிக்கு முன்பு ரவையைக் குழைத்து அப்புகிறார்களே, எதற்கு? தோலுக்குப் பாரம் ஏற்றி ஒலியைக் கீழே இறக்கத்தான். பேஸ் கம்பியின் மேல் உலோகச் சுருள் சுற்றித் தடிமனாக்குவதும் இதே கணக்குதான்.

அந்தக் கல்லூரிப் பெண் விரல் வைத்து வாசிக்கும் கறுப்புப் பலகை ஈட்டி மரம். நீலகிரி, வயநாடு, குடகு என்று நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்கிற மரம். உலகம் முழுக்கக் கிதார் செய்கிறவர்கள் தேடுவது. 2017-ல் ஈட்டி வகை மரங்களின் சர்வதேச வணிகத்துக்குக் கட்டுப்பாடு வந்தபோது வாத்தியம் செய்வோர் தவித்துப்போனார்கள். 2019-ல் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்கு கிடைத்தது. நம் மலையிலிருந்து கப்பல் ஏறிப்போன மரம், கிதாராகித் திரும்பவும் சென்னைக்கே வந்து இறங்குவதும் உண்டு.

மழைக்காலத்து வைத்தியம்

இவர்கள் பேச்சில் பாதி கேலி என்றால், மீதி வைத்தியம். வீட்டில் கிதார் வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

நாலு கம்பியும் சேர்ந்து கழுத்தை இழுக்கும் பாரம் சுமார் 70 முதல் 80 கிலோ. ஒரு ஆள் தொங்குகிற மாதிரி. அதைத் தாங்கத்தான் கழுத்துக்குள் 'ட்ரஸ் ராட்' என்று ஓர் இரும்புக் கம்பி. ஐப்பசி மழையில் மரம் ஈரம் குடிக்கும், ஏ.சி. அறையில் உலரும். கழுத்து வளைய இது போதும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் ஃபிரெட்டில் ஒரு விரலால் கம்பியை அழுத்துங்கள். கழுத்து உடம்போடு சேருகிற இடத்தில் இன்னொரு விரலால் அழுத்துங்கள். நடுவில் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு இடைவெளி இருந்தால் சரி. கட்டை விரலே நுழைந்தால் ஆசாரியிடம் போகவேண்டியதுதான்.

"நீங்களே திருகினா, கால் சுத்து. அதுக்கு மேல வேணாம். ஒரு நாள் விட்டுட்டுப் பாருங்க. மரம் மெதுவாத்தான் பேச்சைக் கேக்கும்," என்கிறார் அண்ணன். சாவி அளவு மாறினால் மரையே தேய்ந்துவிடுமாம்.

கடல் காற்றுக்குக் கம்பி சீக்கிரம் மங்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும். மங்கிய பழைய கம்பியைக் கழற்றி, கொதிக்கிற தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டால் அழுக்கு நீங்கிச் சில நாளைக்குப் பளிச்சென்று பேசும். இது உலகமெங்கும் பேஸ்காரர்கள் செய்கிற சிக்கனம். "எங்கம்மா ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டாங்க. 'ஈயச் சொம்பை மட்டும் தொடாதே'ன்னு," என்கிறாள் அந்தப் பெண்.

அபார்ட்மெண்ட்வாசிகளுக்கு இன்னொன்று. ஆம்பிளிஃபையரைத் தரையில், அறை மூலையில் வைக்காதீர்கள். மூலையில் கனத்த ஒலி பெருகும். தரை வழியே கீழ்வீட்டு அலமாரிக்கு இறங்கி எவர்சில்வர் தட்டெல்லாம் கூடவே பாடும். ரப்பர் பாயைப் போட்டு, ஸ்டூலில் வைத்து, சுவரை விட்டு நகர்த்துங்கள். இந்த மாடியில் இரவு எட்டு மணிக்கு மேல் வாசிப்பதில்லை என்பது கீழ்வீட்டுப் பாட்டியோடு செய்துகொண்ட ஒப்பந்தம்.

விற்கவந்த பேஸ்

அன்றைக்கு ரெக்கார்டிங்காரர் மட்டும் அதிகம் சிரிக்கவில்லை. கொண்டுவந்த பையைத் திறக்கவும் இல்லை. டீ வந்தபோதுதான் சொன்னார்.

"இதைக் குடுத்துடலாம்னு இருக்கேண்ணே. முன்னே மாசத்துல பத்து நாள் வேலை இருக்கும். இப்ப ரெண்டு நாள் வந்தாப் பெரிசு. மீதியெல்லாம் கீபோர்டுலயே முடிச்சுடறாங்க. பொண்ணுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டணும்."

யாரும் உடனே ஆறுதல் சொல்லவில்லை. ஆசாரி அண்ணன் பையைத் திறந்து, கிதாரை எடுத்து, ஒரு கண்ணை மூடிக் கழுத்தைப் பார்த்தார், துப்பாக்கி குறி பார்ப்பதுபோல.

"இப்படியே வித்தா பாதி விலைதான் சொல்லுவான். கழுத்து வில்லா வளைஞ்சிருக்கு. முதல்ல இதைச் சரி பண்றேன். அப்புறம் விக்கறதைப் பத்திப் பேசலாம்."

"கூலி?"

"வித்தா குடு. விக்கலேன்னா டீ வாங்கிக் குடு."

அவர் கால் சுற்றுத் திருகி, கம்பியைச் சுருதி சேர்த்துக் கொடுத்தார். ரெக்கார்டிங்காரர் மடியில் வைத்து நாலு சுரம்தான் வாசித்தார். முன்பு கேட்ட 'சரசர' குறைந்திருந்தது. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு, "கீபோர்டுல பேஸ் வரும்ப்பா. ரெண்டு சுரத்துக்கு நடுவுல மூச்சு வராது," என்றார்.

"மூச்சுக்கு யாருண்ணே பணம் குடுக்கறாங்க?" என்றார் இவர். அந்தக் கேள்விக்கு மாடியில் யாரிடமும் பதில் இல்லை.

பதில் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. கல்லூரிப் பெண்ணிடம் இருப்பது இரவல் கிதார். மாதக் கடைசியில் திருப்பித் தரவேண்டும். புதிது வாங்க வீட்டில் வசதியில்லை. "அங்கிள், இதை எனக்கு வாடகைக்குத் தருவீங்களா? மாசம் 1,500 என்னால முடியும். டியூஷன் எடுக்கறேன்," என்றாள்.

அவர் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "வாடகை மட்டும் வேணாம். வாரத்துக்கு ஒரு நாள் வா, சொல்லித் தரேன். ரெண்டுக்கும் சேர்த்து 2,500," என்றார். பேரம் 2,200-ல் முடிந்தது. பெரியவர் நடுவர். ஐ.டி. இளைஞர், தன் அலுவலகத்தில் இன்னும் மூன்று பேர் கற்றுக்கொள்ள ஆசைப்படுவதாகச் சொல்லி அப்போதே போனை எடுத்தார்.

ஸ்கூல் ஃபீஸுக்கு இது போதுமா? போதாது. ஆனால் கிதார் கைவிட்டுப் போகவில்லை. அடுத்த ரெக்கார்டிங் அழைப்பு வந்தால் ஓர் இரவுக்குத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்பதையும் ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

எட்டு மணி ஆனதும் ஆம்பிளிஃபையர் அணைந்தது. கீழே இறங்கும்போது பெரியவர் அந்தப் பெண்ணுக்குச் சொன்ன அறிவுரை எனக்கும் பிடித்திருந்தது: "டிரம்ஸ்காரனோட வலது காலைப் பார்த்துக்கிட்டே வாசிம்மா. பாடறவங்களைப் பார்க்காதே. அவங்களைப் பார்க்கத்தான் ஊரே இருக்கு."

அடுத்த முறை கல்யாண ரிசப்ஷனில் மெல்லிசைக் கச்சேரி நடந்தால், டிரம்ஸுக்குப் பக்கத்தில் நீளக் கழுத்துக் கிதாரோடு அமைதியாக நிற்கிறவரைத் தேடிப் பாருங்கள். சாப்பாட்டுப் பந்திக்குப் போகும் வழியில் அவரிடம் நின்று, "உங்க வாசிப்பு நல்லா கேட்டுச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.