உடைவாளும் ஓட்டும்

அப்பென்செல், சுவிட்சர்லாந்து
ஏப்ரல் கடைசி ஞாயிறு, இரவு

அன்புள்ள மல்லிகா,

சுவிட்சர்லாந்து போகிறேன் என்றதும் நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எந்தப் பாட்டு எடுத்த இடத்துக்குப் போறே?" கேட்டதில் தப்பில்லை. 1964-ல் 'சங்கம்' வந்த காலத்திலிருந்து நம் சினிமாவுக்கு இந்த நாடு டூயட் பாடும் மலை. இன்டர்லாக்கனில் யாஷ் சோப்ராவுக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். பார்த்தாயிற்று, படமும் எடுத்தாயிற்று. நாயகனுக்குக் கம்பளிக் கோட்டு, நாயகிக்கு மட்டும் ஷிஃபான் புடவை என்ற அநியாயத்தைப் பற்றி நீயும் நானும் பேசித் தீர்த்திருக்கிறோம். இங்கே வந்த பிறகு அதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று கண்ணில் பட்டது.

'சங்கம்' படத்துக்காக வைஜயந்திமாலா இங்கே வந்து நடித்தபோது, அவருக்குச் சொந்த நாட்டில் ஓட்டு இருந்தது. படப்பிடிப்பை வேடிக்கை பார்த்திருக்கக்கூடிய சுவிஸ் பெண்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டு கிடையாது. வைஜயந்திமாலா 1984-ல் தென்சென்னையில் நின்று எம்.பி. ஆனார். சுவிட்சர்லாந்தில் முதன்முதலாக ஒரு பெண், எலிசபெத் கோப், மத்திய அமைச்சரானதும் அதே 1984-ல்தான்.

இத்தனைக்கும் இது ஊர் கூடி முடிவெடுப்பதில் உலகத்துக்கே பெயர் போன நாடு. சிக்கலே அதுதான். அரசியல் சட்டத்தில் எதை மாற்றுவதென்றாலும் ஓட்டுக்கு விட வேண்டும். ஓட்டு ஆண்களிடம் மட்டும் இருந்தது. பெண்களுக்கும் ஓட்டு கொடுக்கலாமா என்று 1959 பிப்ரவரியில் ஆண்களைக் கேட்டார்கள். 66.9 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். மறுபடி 1971 பிப்ரவரியில் கேட்டபோதுதான் 65.7 சதவீதம் பேர் சரி என்றார்கள். இடைப்பட்ட பன்னிரண்டு வருடத்தில் பெண்களுக்குப் புதிதாக அறிவு முளைத்துவிடவில்லை என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் உட்கார்ந்து எழுதும் இந்த ஊர் அதற்குப் பிறகும் மசியவில்லை. இன்னர்ரோடன் என்ற கான்டனின் தலைநகர் இது. கான்டன் என்றால் மாநிலம். ஆனால் மொத்த ஜனத்தொகையே பதினாறாயிரம்தான். சுவரெல்லாம் சித்திரம் தீட்டிய மர வீடுகள், பின்னால் சென்டிஸ் மலை, கடைக்குக் கடை பாலாடைக்கட்டி வாசனை. வருடா வருடம் ஏப்ரல் கடைசி ஞாயிறு, ஊர்ச் சதுக்கத்தில் வாக்காளர்கள் கூடி, கையைத் தூக்கிச் சட்டம் போடுகிறார்கள், ஆட்சி செய்பவர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பெட்டி இல்லை, பட்டன் இல்லை, விரலில் மை இல்லை. மேடையில் நிற்பவர்கள் கண்ணாலேயே அளந்து முடிவு சொல்கிறார்கள். சந்தேகம் வந்தால்தான் தலை எண்ணுவது.

இன்று மதியம் அதைப் பார்த்தேன். வாத்தியத்தோடு ஊர்வலம், கறுப்பு அங்கி போட்ட அதிகாரிகள். வாக்காளர் நிற்கும் இடத்தைச் சுற்றிக் கயிறு. என்னைப் போன்றவர்கள் கயிற்றுக்கு வெளியே. உள்ளே போகும் ஆண்கள் கையில் உடைவாள்! அதுதான் அவர்களுக்கு அடையாளச் சீட்டு. தாத்தாவின் வாள் அப்பாவுக்கு, அப்பாவின் வாள் மகனுக்கு என்று வீட்டுச் சொத்தாக வருகிறது. பெண்கள் அட்டையைக் காட்டி உள்ளே போகிறார்கள். எனக்கு முன்னால் போன பாட்டிக்கு எழுபத்தைந்து இருக்கும். பச்சைக் கம்பளிக் கோட்டு, லேசாகக் கூன். அட்டையைக் காட்டிவிட்டு, கைப்பையில் திரும்ப வைத்து, ஜிப்பை இழுத்து மூடி, மூடியதா என்று ஒருமுறை தடவியும் பார்த்துக்கொண்டாள். முதல் தீர்மானத்துக்குக் கையைத் தூக்கியபோது முழங்கை துளிக்கூட மடங்கவில்லை. கணக்குப் போட்டுப் பார், நாற்பது வயது தாண்டும் வரைக்கும் அவளும் இந்தக் கயிற்றுக்கு வெளியேதான் நின்றிருப்பாள்.

ஏனென்றால் 1990 ஏப்ரலில் இதே சதுக்கத்தில் இந்த ஊர் ஆண்கள் கான்டன் தேர்தலில் பெண்களுக்கு ஓட்டு வேண்டாம் என்று மறுபடியும் கை தூக்கினார்கள். பாரம்பரியம் கெட்டுவிடும் என்றார்கள். சதுக்கத்தில் இடம் போதாது என்றுகூட ஒரு காரணம்! தெரேசா ரோனர் என்ற பெண்மணியும் இன்னும் சிலரும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1990 நவம்பர் 27-ம் தேதி, பெண்களையும் சேர்த்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அடுத்த ஏப்ரலில் பெண்கள் கயிற்றுக்குள் வந்தார்கள். ஒன்பதாவது வருடம், 1999-ல், இதே கான்டனிலிருந்து ரூத் மெட்ஸ்லர் என்ற பெண் நாட்டின் அமைச்சரவைக்கே போனார். அப்போது வயது முப்பத்து நாலு. இன்று இடம் போதாமல் யாரும் தவித்ததாக எனக்குத் தெரியவில்லை.

பெண்கள் ஓட்டுரிமையை எதிர்த்தவர்களின் போஸ்டர்கள் இருக்கின்றனவே, அவற்றைத் தனியாகவே பார்க்க வேண்டும். 1946-ல் பாசெலில் ஒட்டிய ஒன்று: குழந்தை சப்பும் ரப்பர் நிப்பிள், பெரிதாக, பளபளவென்று. அதன்மேல் ஒரு ஈ. அவ்வளவுதான் படம். அம்மா ஓட்டுப் போடப் போனால் பிள்ளை கதி இதுதான் என்று அர்த்தம். வரைந்தவர் கெட்டிக்கார ஓவியர், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கட்டுரை எழுதிப் பயமுறுத்தினால் பதில் எழுதலாம். ஈக்கு என்ன பதில் எழுதுவது? வேலைக்குப் போகும் மருமகளை நம்ம சீரியல்கள் காட்டும்போதெல்லாம், பின்னணியில் ஒரு பிள்ளை காய்ச்சலில் கிடக்குமே, அதே ஈதான்.

'தி டிவைன் ஆர்டர்' என்று 2017-ல் ஒரு சுவிஸ் படம் வந்தது, இயக்கியது பெட்ரா வோல்பே. 1971-ல் இந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடக்கும் கதை. வேலைக்குப் போக ஆசைப்படும் மனைவியிடம் புருஷன் முடியாது என்கிறான், சட்டம் அவன் பக்கம். சினிமாவுக்காகச் செய்த கற்பனை இல்லை அது. குடும்பத் தலைவன் கணவன், எங்கே குடியிருப்பது என்பது அவன் முடிவு என்றிருந்த சட்டம் 1988-ல்தான் போனது. தேடிப் பார், உனக்குப் பிடிக்கும்.

இன்று இரவைத் தவிர நான் தங்கியிருப்பது சாங் காலன் நகரில், யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் வீட்டில். வந்து முப்பது வருடத்துக்கு மேல், இப்போது சுவிஸ் பிரஜை. முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. இங்கே ஓட்டுச் சீட்டு தபாலில் வீட்டுக்கே வந்துவிடும், வருடத்துக்கு நாலு முறை வரை. சாப்பாட்டு மேசையில் உறையைப் பிரித்து, விளக்கப் புத்தகத்தைக் கண்ணாடி போட்டுப் படித்து, நிரப்பி, கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். "அண்ணனும் நீங்களும் கலந்து பேசி முடிவு பண்ணுவீங்களா அக்கா?" என்று கேட்டேன். சிரித்தார். "அவர் தன்ரய நிரப்புவார், நான் என்ரய நிரப்புவன். காட்டுறேல்ல. காட்டினா ரெண்டு நாளைக்குச் சண்டைதான்." பிறகு பெருமையோடு இதையும் சொன்னார்: "என்ர அம்மம்மாவுக்கு ஓட்டு உரிமை இருந்தது, தெரியுமோ?" உண்மைதான். இலங்கையில் 1931-லேயே பெண்களுக்கும் சேர்த்து எல்லோருக்கும் ஓட்டு வந்துவிட்டது. அந்த முதல் தேர்தலை யாழ்ப்பாணம் பகிஷ்கரித்தது வேறு கதை. ஓட்டு விஷயத்தில் அம்மம்மா சுவிஸ்காரிக்கு நாற்பது வருடம் மூத்தவர்.

இதைக் கேட்டு நம்ம பெருமையையும் தூக்கிக்கொண்டு வந்துவிடாதே. சென்னை மாகாணத்தில் 1921-லேயே பெண்களுக்கு ஓட்டு, ஆனால் சொத்துள்ளவர்களுக்கு மட்டும். குடியரசானபோது அரசியல் சட்டமே எல்லோருக்கும் கொடுத்துவிட்டது. வீட்டு ஆண்களைக் கேட்கவில்லை, அதுதான் நம் அதிர்ஷ்டம். 1950-ல் ஊர் ஊராகப் போய், "உங்க வீட்டுப் பொம்பளைங்களுக்கு ஓட்டு கொடுக்கலாமா?" என்று ஆண்களை மட்டும் கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும்? நான் அப்பென்செல்காரர்களைக் கேலி பண்ணவே மாட்டேன். கை தூக்கியவர்கள் கொடியவர்கள் இல்லை. நம்ம அப்பாக்கள், மாமாக்கள் மாதிரி நல்ல மனிதர்கள்தான். ஒருத்தரின் உரிமையை இன்னொருத்தர் ஓட்டுக்கு விடவே கூடாது. இங்கே வந்து நான் தெரிந்துகொண்டது இதுதான், இதில் எனக்குச் சந்தேகமில்லை.

அப்படிக் கிடைத்ததையும் நம் முதல் பொதுத் தேர்தலில் எத்தனை பேர் இழந்தார்கள் தெரியுமா? இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் எழுதச் சொல்லி, சொந்தப் பெயரைச் சொல்லாத சுமார் 28 லட்சம் பெண்களைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். நாடாளுமன்றத்தில் மகளிர் இடஒதுக்கீடு வரும் வேகத்தைப் பார்: 1996-ல் மசோதா வந்தது, 2023-ல் சட்டமானது, கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்தால்தான் நடைமுறை. பெர்ன் நகரில் 1928-ல் நடந்த பெண்கள் கண்காட்சி ஊர்வலத்தில், ஓட்டுரிமை எவ்வளவு வேகமாக வருகிறது என்று காட்ட ஒரு பெரிய நத்தை பொம்மையை இழுத்து வந்தார்களாம். அதை நாம் இரவல் வாங்கலாம்.

நாளை மறுநாள் பெர்ன், அங்கிருந்து ஊர். சாக்லேட் வாங்கியாயிற்று. அதற்குப் பதிலாக ஒரு வேலை செய். உன் மாமியார் வீடு மாறிய பிறகு அவர் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா, எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறதா என்று இந்த வாரமே பார்த்துவிடு. யாருக்குப் போட வேண்டும் என்று மட்டும் அவருக்குச் சொல்லிக் கொடுக்காதே.

அன்புடன்,
வசந்தா