எதிர்க்கரை

கொள்ளிடக் கரையில் எங்களுக்கு இரண்டு மா படுகை நிலம் இருந்தது, வளைவின் வெளிப்பக்கம். அங்கேதான் நீருக்கு வேகம் அதிகம். அடிக்கரையை அரித்துவிட்டால் மேல்மண் தானே சரியும். வெள்ளத்துக்கு ஒரு வரப்பாகப் போனது. வேகம் குறைந்த எதிர்க்கரையின் உள்வளைவில் மணல் மேடிட்டது.

“நம்ம மண்ணுதான்டா அங்க கெடக்கு, அவனுவ வெள்ளரி போடுறானுவ” என்பார் தாத்தா. அந்தக் கோபத்தில், அக்கரையிலிருந்து அத்தையைப் பெண் கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்.

கல்லூரியில் புவியியல் படித்தபோதுதான் தெரிந்தது: அரிபட்ட மண் பெரும்பாலும் ஆற்றைக் கடப்பதில்லை, கொஞ்சம் கீழே, அதே கரை உள்வளைவாகும் இடத்தில் படிகிறது. எங்கள் நிலம் போனது இக்கரை ஊருக்கே.

அத்தையிடம் சொன்னேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

“அப்பா இருக்கையிலேயே இத நீ படிச்சிருக்கக் கூடாதாடா?” என்றார்.