உசாத்துணைப் பட்டியலில் விடுபட்டவர்களுக்கு

அன்புக்குரிய ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன், ‘ஆர்’ புள்ளியியல் மென்பொருளின் மையக் குழுவினர் அனைவருக்கும்,

மட்டக்களப்பு வாவிக்கரையிலிருந்து எழுதுகிறேன். மாரி வெள்ளத்தில் பாலமீன்மடு முகத்துவாரம் திறந்தால் வாவியின் உப்பு ஒரு கணக்கு, மணல் அடைத்துவிட்டால் வேறு கணக்கு. அதற்கேற்ப மீனும் இறாலும் எப்படி மாறுகின்றன என்பதே என் ஆய்வு.

முதல் கட்டுரையில் தோணிக்காரருக்கு நன்றி சொன்னேன். உப்பு அளந்த கருவிக்கு, செய்த நிறுவனத்தின் பெயரும் மாதிரி எண்ணும் கொடுத்தேன். கணக்கு முழுவதையும் செய்துதந்த உங்களுக்கு, “ஆர் மூலம் பகுப்பாய்வு செய்யப்பட்டது” என்ற ஒரே வரிதான். பதிப்பு எண் இல்லை, உசாத்துணைப் பட்டியலில் இடமும் இல்லை. ராஸ், ராபர்ட், உங்கள் இருவர் பெயரின் ஆங்கில முதலெழுத்தும் மென்பொருளின் பெயரிலேயே இருக்கிறது. என் கட்டுரையில் நீங்கள் இல்லை.

சில ஆண்டுகள் கழித்து அதே தரவை, அதே நிரலை, எழுமாற்றுத் தெரிவுக்குக் கொடுத்த அதே விதை எண்ணோடு ஓட்டினேன். அதே விடைதான் வரவேண்டும்; மாறி வந்தது. இரண்டு இரவுகள் என் தரவிலேயே பிழை தேடினேன். காரணம் வேறு: 2019இல் வந்த 3.6.0 பதிப்பில், பழைய எழுமாற்று முறையில் இருந்த சிறு சாய்வை நீங்கள் திருத்தியிருந்தீர்கள். திருத்தத்தை வெளிப்படையாக அறிவித்து, பழைய முறைக்குத் திரும்பவும் வழி வைத்திருந்தீர்கள். நான் எந்தப் பதிப்பில் கணக்கிட்டேன் என்று என் கட்டுரையில்தான் எழுதியிருக்கவில்லை.

இப்படிப் பெயர் விடுபடுவது என் ஒருவரின் குறை மட்டுமல்ல. 90 உயிரியல் கட்டுரைகளை ஆராய்ந்து ஹொவிசனும் புல்லார்டும் 2016இல் வெளியிட்ட ஆய்விலும், மென்பொருள் குறிப்புகளில் பாதிக்கும் குறைவானவையே முறையான மேற்கோளாக இருந்தன. பல்கலைக்கழகங்கள் மேற்கோள்களை எண்ணித்தானே பதவியும் நிதியும் கொடுக்கின்றன? பெயர் விடுபட்டால், இரவிரவாக நிரல் எழுதியவரின் உழைப்பு அந்தக் கணக்கில் ஏறாது.

1995இல் புள்ளியியலாளர் மார்ட்டின் மேக்லரின் வற்புறுத்தலை ஏற்று மூலநிரலையே எல்லோருக்கும் திறந்துவிட்டீர்கள். ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தால் என் ஆய்வு தொடங்கியே இருக்காது.

உங்களை எப்படி மேற்கோள் காட்டுவது என்பதற்கும் ‘சைட்டேஷன்’ என்று ஒரு கட்டளை வைத்திருக்கிறீர்கள். ஒரே சொல்லைத் தட்டினால் எழுத வேண்டியது முழுதாக வரும். மென்பொருளோடு சேர்த்துப் பயன்படுத்தும் பொதிகளுக்கும் அப்படியே. மீனினப் பன்மையைக் கணக்கிட உதவிய ‘வீகன்’ பொதியின் முதல் ஆசிரியர் பின்லாந்தின் யாரி ஒக்சனன் என்பதை அப்படித்தான் அறிந்தேன்.

இப்போது எழுதும் கட்டுரையின் உசாத்துணைப் பட்டியலில் மையக் குழுவாகிய நீங்களும் ஒக்சனனும், பதிப்பு எண்களோடு, மற்ற ஆசிரியர்களுக்கு நடுவே அகரவரிசையில் இருக்கிறீர்கள்.


வாவிக்கரை ஆய்வாளர் ஒருவர்