விம்பிள்டனில் ஒரு விசித்திரக் கணக்கு

லண்டனுக்குப் போகிறவர்கள் அரண்மனையைப் பார்ப்பார்கள். தேம்ஸ் நதியில் படகேறி வருவார்கள். நீங்கள் போவது ஜூன் மாதக் கடைசியாக இருந்தால், இன்னும் ஓரிடத்தையும் மறந்துவிடாதீர்கள். பாதாள ரயிலில் ஏறி ஸவுத்ஃபீல்ட்ஸ் ஸ்டேஷனில் இறங்குங்கள். அப்புறம் வழி கேட்கவே வேண்டாம். கூட்டமே உங்களை அழைத்துக்கொண்டு போய்விடும். கால் மணி நடை. அதோ, விம்பிள்டன்!

இங்கே முதல் டென்னிஸ் பந்தயம் 1877-ல் பக்கத்து மைதானம் ஒன்றில் நடந்தது. 1922 முதல் சர்ச் ரோடிலுள்ள இந்த இடத்தில்தான். 8 மில்லிமீட்டர் உயரத்துக்குக் கத்தரித்த பசும்புல், வெள்ளை உடுப்பில் ஆட்டக்காரர்கள், க்ரீம் ஊற்றிய ஸ்ட்ராபெரிப் பழமும் கையுமாக ரசிகர்கள்! நம் ராமநாதன் கிருஷ்ணன் 1960-லும் 1961-லும் அரை இறுதி வரை முன்னேறியது இந்தப் புல்தரையில்தான்.

இடம் பிடித்து உட்கார்ந்ததும் ஒரு சங்கடம் வரும். நடுவர், "ஃபிஃப்டீன் - லவ்" என்பார். காதலுக்கு இங்கே என்ன வேலை என்று திகைக்க வேண்டாம். டென்னிஸில் லவ் என்றால் பூஜ்யம். முதல் புள்ளிக்கு 15, இரண்டாவதற்கு 30. மூன்றாவதற்கு 45 என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை, 40! நம் மளிகைக் கடைக்காரர் இப்படிக் கணக்குப் போட்டால் சும்மா விடுவோமா?

நாலாவது புள்ளியும் கிடைத்தால் ஒரு 'கேம்' கைக்கு வரும். இருவரும் 40-ல் வந்து நின்றால் அது 'டியூஸ்'. பிறகு அடுத்தடுத்து 2 புள்ளிகள் எடுத்தாக வேண்டும். ஒன்றை எடுத்து மற்றதைக் கோட்டை விட்டால் மறுபடி டியூஸ். பரமபத சோபானத்தில் பாம்பு கடித்த கதைதான்!

6 கேம் ஜயித்தால் ஒரு 'ஸெட்'. ஆனால் எதிராளியைவிட 2 கேமாவது கூடுதலாக இருக்க வேண்டும். 6-6 என்று வந்துவிட்டால் 'டை-பிரேக்' என்ற விசேஷ ஆட்டம் வைத்து, 7-6 என்று தீர்ப்பார்கள். பெண்களுக்கு மூன்றில் 2 ஸெட், ஆண்களுக்கு ஐந்தில் 3 ஸெட் எடுத்தவருக்கு வெற்றி.

இந்தக் கணக்கில் சேமிப்பு என்பதே கிடையாது. கேம் முடிந்தால் புள்ளிகள் பூஜ்யம். ஸெட் முடிந்தால் கேம்களும் பூஜ்யம். எவ்வளவு முன்னேறியிருந்தாலும் கடைசிப் புள்ளியை எடுத்தே தீர வேண்டும்.

இதன் கொடுமையை 1993-ல் யானா நொவோட்னா அனுபவித்தார். செக் நாட்டுக்காரரான அவருக்கு இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றவர் ஸ்டெஃபி கிராஃப். முதல் ஸெட் 7-6 என்று கிராஃபுக்கு. இரண்டாவது 6-1 என்று நொவோட்னாவுக்கு. மூன்றாவதில் நொவோட்னா 4-1 என்று முன்னணியில் இருந்தார். அடுத்த கேமிலும் 40-30. இன்னும் ஒரே புள்ளி எடுத்தால் 5-1! அந்த வேளையில் ஸர்வீஸ் பந்தை இரண்டு தடவையும் தவறவிட்டார். அதிலிருந்து வரிசையாக 5 கேம்களையும் கிராஃப் வாரிக்கொண்டு போய்விட்டார்: 6-4. கூட்டிப் பாருங்கள், நொவோட்னா ஜயித்த கேம்கள் 16, கிராஃப் ஜயித்தவை 14. வெற்றி கிராஃபுக்கு!

பரிசளிப்பின்போது கென்ட் சீமாட்டியின் தோளில் சாய்ந்து நொவோட்னா விம்மி அழுதார். 1997-லும் இறுதி ஆட்டத்தில் தோல்வி. 1998-ல் மறுபடி வந்தார். நாதலி தோஸியாவை 6-4, 7-6 என்று வென்று, அதே சீமாட்டியின் கையாலேயே வெற்றித் தட்டைப் பெற்றுக்கொண்டார். சீர்வரிசைத் தட்டு மாதிரி பெரிய வெள்ளித் தட்டு அது!

சேமிப்பைத் தராத இந்தக் கணக்கு, பின்தங்கியவரையும் கடைசிவரை கைவிடுவதில்லை. ஆகவே ஆட்டம் பார்க்கப் போனால், 5-1 என்று பலகையில் கண்டதும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். கடைசிப் புள்ளி விழட்டும்!